பத்து கிலோ பையோடு மரம் ஏறுவது

என் காலணிக்கும் தரைக்கும் நடுவே ஒன்றரை மீட்டர் மிச்சம் இருக்கும்போது கயிறு தீர்ந்துவிட்டது. முனையில் போட்டிருந்த தடுப்பு முடிச்சு, இடுப்புக்கு மேலே என்னைக் கயிற்றில் பிடித்து நிறுத்தும் பிடிமுடிச்சில் வந்து முட்டி நின்றது. நான் பழுத்துத் தொங்குகிற காய் மாதிரி ஆடிக்கொண்டிருந்தேன். கீழே நின்ற அண்ணன், கயிற்றில் தொங்கிக் கிளைகளைக் கவாத்து செய்யும் இந்த வேலைக்காக எனக்கு மரம் ஏறக் கற்றுக்கொடுத்தவர், அண்ணாந்து பார்த்து, "என்ன தம்பி, இறங்கி வர மனசு வரலையா?" என்றார். ஏணியைச் சாய்த்து என்னை இறக்கும் வரைக்கும் சிரித்தார். இறங்கியதும் சிரிப்பு நின்றுவிட்டது. அந்தத் தடுப்பு முடிச்சை விரலால் ஒருமுறை இறுக்கிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அது இல்லையென்றால் கயிற்று முனை பிடிமுடிச்சுக்குள் நழுவி வெளியே போயிருக்கும், அவ்வளவுதான். அன்றைக்கு ஒன்றரை மீட்டர். மரம் இன்னும் உயரமாக இருந்திருந்தால்?

இவ்வளவுக்கும் காரணம், பை சின்னதாக இருக்க வேண்டும் என்ற என் ஆசை. 45 மீட்டர் கயிறு எடுக்க வேண்டிய இடத்தில் 35 மீட்டர் எடுத்தேன், ஏனென்றால் அது பையின் அடியில் அழகாகச் சுருண்டு உட்கார்ந்தது. கணக்கு ரொம்பச் சின்னக் கணக்குதான். இரட்டைக் கயிறு முறையில் கயிறு கிளைக்கு மேலே போய்த் திரும்பி நம்மிடமே வருகிறது. அதனால் ஆங்கர், அதாவது கயிறு தொங்கும் இடம், இருக்கும் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு நீளம் வேண்டும், அதற்கு மேல் முடிச்சுக்கும் வாலுக்கும் ஒரு மீட்டராவது. முதலில் 16.5 மீட்டர் உயரத்தில் கயிறு போட்டிருந்தேன்: 33, சரியாக இருந்தது. மேலே போனபிறகு இன்னும் நல்ல கவட்டை ஒன்று இரண்டு மீட்டர் மேலே தெரிந்தது, அங்கே மாற்றிக் கட்டினேன். அப்போதே 37 ஆகிவிட்டது. போதாக்குறைக்கு, ஏறியது மரத்தின் மேட்டுப் பக்கம், இறங்கியது சரிவுப் பக்கம்.

அந்தப் பத்து மீட்டரைக் குறைத்ததில் எவ்வளவு எடை மிச்சம் என்று வீட்டுக்கு வந்து பார்த்தேன். மரம் ஏறும் வேலைக்கு நாம் பிடிக்கிற 11.5 முதல் 12 மி.மீ. வரையிலான கயிறு மீட்டருக்குக் கிட்டத்தட்ட 90, 100 கிராம் வரும். பத்து மீட்டருக்கு ஒரு கிலோவைத் தாண்டாது. ஒரு தண்ணீர் பாட்டில் எடைக்காக அந்தரத்தில் ஆடியிருக்கிறேன்.

அதற்குப் பிறகுதான் 'சின்ன செட்' என்பதை வேறு மாதிரி யோசிக்க ஆரம்பித்தேன். சிறுகக் கட்டிப் பெருக வாழ் என்பார்கள்; எதைச் சிறுகக் கட்டுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. உயிர் தொங்குகிற பொருளை மெல்லிசாக்குவதும் குட்டையாக்குவதும் ஒரு வழி, நான் போன வழி. ஒரே பொருளை இரண்டு வேலைக்குப் பயன்படுத்தி, இன்னொரு பொருளை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவது இன்னொரு வழி. இப்போது என் பை பத்து கிலோவுக்குப் பக்கத்தில் நிற்கிறது, கயிறு 45 மீட்டர்.

கயிற்றின் தடிமனிலிருந்து வருகிறேன். மெல்லிய கயிறு என்றால் சின்ன பை, உண்மைதான். 11 மி.மீ. கயிற்றோடு ஒப்பிட்டால் 13 மி.மீ. கயிற்றின் குறுக்குப் பரப்பு நாற்பது சதவீதம் அதிகம். எடையும் பருமனும் ஏறக்குறைய அதே விகிதத்தில் ஏறும். பலம் பற்றி எல்லோரும் பேசுவார்கள், ஆனால் முறையான சான்று உள்ள கயிற்றில் அது பெரிய கவலை கிடையாது. ஐரோப்பாவின் இ.என். 1891 தரத்தில் 'ஏ' வகைக் கயிறு என்றால் முடிச்சு இல்லாமல் குறைந்தது 22 கிலோநியூட்டன் தாங்க வேண்டும், அதாவது இரண்டு டன்னுக்கு மேலே. அமெரிக்காவின் ஆன்சி இசட்133 தரம் ஏறும் கயிற்றுக்கு அரை அங்குல விட்டமும் 5,400 பவுண்டு பலமும் கேட்கிறது, 11 மி.மீ. கயிற்றையும் அனுமதிக்கிறது, ஆனால் ஏறுகிறவர் அதில் பயிற்சி எடுத்திருக்க வேண்டும், அதனால் ஆபத்து கூடாது என்பதை வேலை கொடுப்பவர் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு. ஏன் இந்த நிபந்தனை என்று மெல்லிய கயிற்றில் ஒரு நாள் முழுக்க வேலை செய்தால் கைக்கே தெரியும். பிடிக்க ஏதுமில்லாத மாதிரி இருக்கும். விரல்களை ரொம்ப மடக்க வேண்டும், மதியத்துக்குள் முன்கை கட்டையாகிவிடும். முடிச்சும் மெல்லிய கயிற்றில் வேறு மாதிரி பிடிக்கும். கை சின்னதாக இருப்பவர்களுக்கு 11 மி.மீ. சௌகரியம் என்று சொல்வதையும் கேட்டிருக்கிறேன், இருக்கலாம். எனக்கு 11.7தான் பழகியது. அதைவிட மெலிந்தால் கைக்கும் முடிச்சுக்கும் பிடிக்கவில்லை, அதைவிடத் தடித்தால் பைக்குப் பிடிக்கவில்லை.

அப்புறம், நிஜமாகவே இடமும் பணமும் போகிற இடம்: கயிற்றில் ஏறி இறங்க எதைப் பயன்படுத்துவது.

பிடிமுடிச்சு தெரியாதவர்களுக்கு ஒரு வரி. பெரிய கயிற்றின் மேல் சின்னக் கயிறு ஒன்றைச் சுற்றுவோம். எடை விழுந்தால் இறுகிப் பிடிக்கும், மேலிருந்து கையால் அழுத்தினால் நழுவும். கார்ல் புருசிக் 1931இல் வெளியிட்ட முடிச்சிலிருந்து இன்றைய டிஸ்டெல், வி.டி. (வால்டோட்டேன் ட்ரெஸ்) முடிச்சுகள் வரை எல்லாம் இதே குடும்பம். இந்த வேலையையே உலோகத்தில் செய்யும் கருவிகளும் வந்துவிட்டன. பெட்சல் நிறுவனத்தின் ஜிக்ஜாக் எல்லோருக்கும் தெரிந்த உதாரணம், சங்கிலி மாதிரி கோத்த உலோகத் துண்டுகள் கயிற்றை வளைத்துப் பிடிக்கும். மழை பெய்தாலும் வெயிலடித்தாலும் ஏறக்குறைய ஒரே மாதிரி பிடி, முடிச்சைத் தட்டித் தட்டிச் சரிசெய்யும் வேலை இல்லை. ஆனால் அது 11.5 முதல் 13 மி.மீ. வரையிலான கயிற்றுக்குச் செய்தது. உங்களிடம் 11 மி.மீ. கயிறு இருந்தால் அந்தக் கருவி உங்களுக்கு இல்லை. முதலில் கருவியை வாங்கிவிட்டுப் பிறகு கயிறு தேடுகிறவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். இரண்டையும் ஜோடியாகவே யோசிக்க வேண்டும்.

நான் இன்னும் முடிச்சுக் கட்சிதான். பழமைவாதம் என்று சிரிக்கலாம். என் காரணம் பைதான். இரட்டைக் கயிறு முறையில் நம் எடை இரண்டு பக்கமாகப் பிரிகிறது, பிடிமுடிச்சின் மேல் பாதி எடைதான் விழும், அதனால் இறங்கும்போது சுலபமாக விட்டுக்கொடுக்கும். ஒற்றைக் கயிறு முறையில் கயிறு மேலே நிலையாக நிற்கிறது, நாம் அதன் மேல் ஏறுகிறோம். முழு எடையும் அந்த ஒரு முடிச்சின் மேல். வெறும் முடிச்சை மட்டும் நம்பி அப்படி இறங்கப் பார்த்தால் ஒன்று இறுகிக்கொண்டு அசையாது, இல்லையென்றால் வலுவாக அழுத்தும்போது திடீரென்று சறுக்கிச் சூடேறும். கெவின் பிங்கம் வடிவமைத்த ரோப் ரெஞ்ச் இங்கேதான் வந்து உட்கார்ந்தது. உள்ளங்கை அளவு உலோகத் துண்டு. முடிச்சுக்கு மேலே கயிற்றில் மாட்டி, விறைப்பான சிறு பட்டையால் கீழே இணைக்கிறோம். எடை விழும்போது அது சாய்ந்து கயிற்றை லேசாக வளைக்கிறது, அந்த வளைவு நம் எடையில் ஒரு பங்கைத் தானே எடுத்துக்கொள்கிறது, முடிச்சுக்கு மிச்சம்தான் வருகிறது. அவ்வளவுதான் சூட்சுமம். ஆக முடிச்சுக் கயிறு ஒன்று, அதைக் கீழிருந்து தள்ளும் சின்னக் கப்பி ஒன்று, ரெஞ்ச் ஒன்று. ரெஞ்சைக் கழற்றினால் இரட்டைக் கயிறு, மாட்டினால் ஒற்றைக் கயிறு. இரண்டு முறைக்கும் இரண்டு செட் தூக்கிக்கொண்டிருந்த நாட்கள் போய்விட்டன. முடிச்சுக் கயிறு தேய்ந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும். உலோகக் கருவியின் உள்ளே தேய்ந்தால் கருவியே போச்சு.

ஒற்றைக் கயிறு என்றதும் நீளம் பாதியாகிவிடும் என்று குஷியாகிவிடாதீர்கள். மேலே கிளையிலேயே சுருக்கிட்டுக் கட்டினால் உண்மையிலேயே கயிறு குறையும், ஆனால் வேலை முடிந்து கீழிருந்தபடி அதை உருவ இன்னொரு நூல் வேண்டும் (கிளைக்கு மேலே கயிறு போட முதலில் எறியும் மெல்லிய நூலான எறிகயிறு அதற்கு ஆகும்). மரத்தின் அடியில் கட்டினாலோ கயிறு மேலே போய்க் கீழே வருகிறது, மறுபடி இரண்டு மடங்கு. இன்னொன்றும் இருக்கிறது, இதைப் பலர் கவனிப்பதில்லை: அடியில் கட்டும்போது மேலே உள்ள கிளை நம் எடையை மட்டும் தாங்குவதில்லை. நாம் ஒரு பக்கம் இழுக்கிறோம், அடிக்கட்டு மறுபக்கம் அதே அளவு இழுக்கிறது. கருவியோடு 80 கிலோ ஆள் என்றால் கிளைக்கு 160க்குப் பக்கத்தில். பட்டையின் உராய்வு கொஞ்சம் தின்றுவிடும்தான், ஆனால் அதை நம்பிக் கணக்குப் போடக் கூடாது. கீழிருந்து பார்க்கும்போது எல்லாக் கவட்டையும் தடியாகத்தான் தெரியும். ஏறுவதற்கு முன்னால் இரண்டு பேராகக் கயிற்றில் தொங்கிப் பார்ப்பது ஏன் என்று இதிலேயே பதில் இருக்கிறது.

'கையடக்கம்' என்று விளம்பரத்தில் வரும்போதெல்லாம் பையைத்தான் நினைக்கிறோம். ஏறியபிறகு பை கீழே கிடக்கிறது. மேலே முக்கியமான நீளம் ஒன்றுதான்: ஹார்னஸின் (இடுப்பிலும் தொடையிலும் கட்டும் பட்டை) முன்னால் கயிற்றை மாட்டும் பாலத்திலிருந்து பிடிமுடிச்சு வரைக்குமான தூரம். அது நீண்டிருந்தால் ஒவ்வொரு இழுப்பிலும் கொஞ்சம் உயரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவீர்கள், நூறு இழுப்பு இழுத்தால் அது எத்தனை மீட்டர் என்று பாருங்கள். கிளைக்கு நேர் கீழே போய்ச் சேரும்போது முடிச்சு கிளையில் முட்டும், இன்னும் கொஞ்சம் மேலே இருக்கும் காய்ந்த கொம்பு கைக்கு எட்டாது. அதனால் நான் முதலில் குறுக்கியது இதைத்தான். இரண்டு முனையிலும் தைத்த கண் உள்ள முடிச்சுக் கயிற்றை 90 செ.மீ. வைத்திருந்தேன், 80க்கு வந்தேன், நன்றாக இருந்தது. ஆசை விடவில்லை, 70 வாங்கினேன். முடிச்சு போடவே இடம் போதவில்லை, ஒரு சுற்றைக் குறைத்தேன், எடையைக் கொடுத்ததும் அரை சாண் சறுக்கிவிட்டுத்தான் பிடித்தது. தரைக்கு மேலே முழங்கால் உயரத்தில் வைத்துச் சோதித்ததால் சிரித்துக்கொண்டே அவிழ்த்தேன். இப்போது 75. நாலு சுற்று, இரண்டு பின்னல். உங்கள் கயிற்றுக்கும் எடைக்கும் இது வேறாகத்தான் இருக்கும், என் எண்ணை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். ஒவ்வொரு தடவையும் தாழ்வாக உட்கார்ந்து, பிடிக்கிறதா, விடுகிறதா, மறுபடி உடனே பிடிக்கிறதா என்று மூன்றையும் பார்த்துவிட்டு மேலே போங்கள்.

முடிச்சுக் கயிற்றில் மெல்லிசு தேடியதும் நான்தான். 8 மி.மீ. சாதாரணப் பாலியஸ்டர் துணைக்கயிறு, கைக்குட்டை மாதிரி சுருட்டிச் சட்டைப்பையில் வைக்கலாம். விற்றவர் "எல்லாம் ஒன்றுதான் சார்" என்றார், நானும் நம்பினேன். ஒரு நாள் மழை வருகிறதே என்று வேகமாக இறங்கினேன். கீழே வந்து பார்த்தால் முடிச்சின் உள்பக்கம் கண்ணாடி மாதிரி மினுங்கியது, விரலை வைத்தால் சொரசொரப்பே இல்லை, வழவழவென்று கெட்டியாக ஒரு தழும்பு. பாலியஸ்டர் 250 டிகிரி செல்சியஸுக்குக் கொஞ்சம் மேலே உருகும். கயிற்றின் மேல் வேகமாக உரசும் முடிச்சில் மேல்பரப்பு அந்தச் சூட்டைத் தொடுவது கஷ்டமே இல்லை. டைனீமா போன்ற நார்கள் இன்னும் மோசம், 150க்குப் பக்கத்திலேயே உருகிவிடும். இழுப்பதற்கு அபாரமான நார், உரசுவதற்கு உதவாது. அதனால்தான் முடிச்சுக் கயிற்றுக்கு அராமிட் நாரில் உறை போட்டது வாங்குகிறோம். அராமிட் உருகாது, மிக அதிகச் சூட்டில்தான் கருகும். அந்த 8 மி.மீ. துண்டை அன்றைக்கே வெட்டிப் போட்டேன். மெதுவாக இறங்குவதும் இலவசம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

காராபினரில் (கதவு வைத்த உலோகக் கொக்கி) சின்னது வாங்கலாமா? ஒரே ஒரு பொருள் மாட்டுகிற இடத்தில் வாங்கலாம். கப்பியும் முடிச்சுக் கயிற்றின் இரண்டு கண்ணும் ஒன்றாக உட்கார வேண்டிய இடத்தில் வேண்டாம். குட்டிக் காராபினரில் மூன்றும் நெருக்கியடித்துக்கொண்டு ஒரு கண் மெதுவாகக் கதவுப் பக்கம் ஏறியிருந்ததை ஒரு தடவை பார்த்தேன். காராபினரின் முதுகில் பொறித்திருக்கும் எண்களைப் படித்துப் பாருங்கள்: நீளவாக்கில் பொதுவாக 22 கிலோநியூட்டனுக்கு மேல் இருக்கும், குறுக்கே பெரும்பாலும் 7 அல்லது 8தான். பொருள் இடம் மாறி உட்கார்ந்தால் நீங்கள் வாங்கிய பலத்தில் மூன்றில் ஒரு பங்குதான் கையில். மூன்று அசைவில் திறந்து தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவுதான் எங்கள் வேலைக்கு. திருகிப் பூட்டும் வகை, கிளையில் உரசி உரசித் தானே திறந்துகொள்ளலாம்.

கால் அசெண்டர் (காலில் கட்டிக்கொள்ளும், கயிற்றில் மேலே மட்டும் நகரும் பிடி) சின்னப் பொருள், ஆனால் எடுத்துப் போங்கள், ஒற்றைக் கயிற்றில் கையால் மட்டும் ஏறுவது தண்டனை. கைப்பிடி அசெண்டரை நான் விட்டுவிட்டேன். எறிகயிறு 2 மி.மீ., 50 மீட்டர், மடித்து வைக்கும் பெட்டிக்குப் பதில் ஒரு சின்னத் துணிப்பை. அதன் நுனியில் கட்டி எறியும் எடைப் பையான எறிபை 340 கிராமில் ஒன்றே ஒன்று. இரண்டாவது எறிபை வேண்டும் என்பார்கள், மரத்தில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வாய் என்பார்கள். மாட்டியிருக்கிறது. அன்றைக்குக் கல்லைக் கட்டி எறிந்தேன், பெருமைப்படும் விஷயம் இல்லை. கயிறு கிளையில் உரசாமல் இருக்கப் போடும் வளையப் பட்டையை மட்டும் எடைக்காக விடாதீர்கள். இரட்டைக் கயிறு முறையில் கயிறு நாள் முழுக்கக் கவட்டையில் ஓடுகிறது, மெல்லிய பட்டை உள்ள மரத்தில் அது உயிர்த்திசு வரை அறுத்துவிடும். மரத்தைப் பராமரிக்கிறேன் என்று ஏறிவிட்டு அப்படிச் செய்வதற்கு ஏறாமலே இருக்கலாம். வளையப் பட்டை போட்டால் உராய்வும் குறைவதால் கைக்கும் நல்லது, கயிற்றுக்கும் நல்லது.

ரம்பம் பற்றி அண்ணனோடு எனக்குத் தீராத வழக்கு. மேலே கைப்பிடி வைத்த மோட்டார் ரம்பம் இல்லாமல் அவர் ஏற மாட்டார். நான் கவாத்து வேலைக்குப் போகும்போது 33 செ.மீ. வளைந்த கைரம்பம் ஒன்றைக் காலில் கட்டிக்கொள்வதோடு சரி. மணிக்கட்டு அளவு கொம்பு வரை அதிலேயே போய்விடும், எண்ணெய், பெட்ரோல், அதைத் தொங்கவிடும் பட்டை எல்லாம் மிச்சம். வெட்டும் இடத்தையும் யோசித்துத்தான் தேர்ந்தெடுப்பீர்கள், ஏனென்றால் கை வலிக்கும். தேவையில்லாத கிளையை வெட்டும் புத்தி பாதியாகக் குறைந்துவிடும்.

இப்போது, எடை குறைக்கிறேன் என்று பையிலிருந்து நீக்கவே கூடாதவை. லேன்யார்ட், அதாவது இடுப்பின் இரண்டு பக்கத்தையும் மரத்தோடு இணைக்கும் அந்த நாலு மீட்டர் கயிறு. ஆங்கரை மாற்றும்போது நீங்கள் தொங்குவது அதில்தான், ரம்பத்தை எடுக்கும்போது இரண்டாவது பிடியும் அதுதான். மோட்டார் ரம்பம் ஓடும்போது இரண்டு இடத்தில் பிணைத்திருக்க வேண்டும் என்பது இந்த வேலையில் அடிப்படையான விஷயம். பிரிட்டனில் 2005ஆம் ஆண்டின் உயரப் பணி விதிகள் கயிற்றில் தொங்கி வேலை செய்பவருக்குத் தனித்தனி ஆங்கரில் இரண்டு கயிறு என்பதையே அடிப்படையாக வைத்திருக்கின்றன. மரம் ஏறும் வேலையில் அதை எப்படி நிறைவேற்றுவது என்று சமீப வருஷங்களில் அங்கே நிறையப் பேச்சு நடந்தது. இரண்டாவது கயிறு என்றால் இன்னொரு நாலு கிலோ, சின்னப் பை என்கிற கனவே போச்சு என்று முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. அகலமாகப் படர்ந்த மரத்தில் கிளை நுனிக்கு நடக்கும்போது இரண்டு பக்கமும் பிடி இருக்கும் சுகம் தெரிந்தபிறகு, அப்படிப்பட்ட மரத்துக்கு அந்த நாலு கிலோவையும் சத்தமில்லாமல் தூக்கிக்கொண்டு போகிறேன். நேராக வளர்ந்த மரத்துக்கு லேன்யார்டோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அப்புறம் கீழே நிற்பவர். என் செட் எவ்வளவு சின்னதாக இருந்தாலும், மேலே எனக்கு ஏதாவது ஆனால் கீழே இருப்பவர் ஏறி வந்து என்னை இறக்க இன்னொரு ஹார்னஸும் இன்னொரு கயிறும் அங்கே இருக்க வேண்டும், அவருக்கு ஏறவும் தெரிந்திருக்க வேண்டும். இது பையில் சேராத எடை, அதனால் கணக்கில் மறந்துபோகிறது. தனியாகப் போய் ஏறிவிட்டு வந்தேன் என்று படம் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

அந்த 35 மீட்டர் கயிறு என்ன ஆனது என்று கேட்டால், இன்னும் இருக்கிறது. தூக்கிப் போட மனம் வரவில்லை. வெட்டிய சின்னக் கொம்புகளை இறக்கப் பயன்படுத்துகிறோம், அந்த வேலைக்கு ஒருமுறை போன கயிறு திரும்ப ஆளைத் தூக்க வரக் கூடாது. அண்ணன்தான் அதன் இரண்டு முனையிலும் சிவப்பு டேப் சுற்றிவிட்டார், இருட்டில் அவசரத்தில் எடுத்துவிடக் கூடாதே என்று. சுற்றிவிட்டு, புது 45 மீட்டர் கயிற்றின் வாலை இழுத்து, தடுப்பு முடிச்சு இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது.